கரிச்சானின் இரவல் குரல்

அந்தக் காலத்தில், பறவைகளுக்குப் பேச்சு இருந்தபோது, மலைக்காட்டின் காவல் வேலை கரிச்சானுடையது. கரகரத்த குரல்தான். ஆனால் "பலாமரத்துல பாம்பு! மூணாவது கிளை!" என்று அது கத்தினால் கேட்டவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். அந்தக் குரலை நம்பித்தான் தவிட்டுக்குருவி பலாமரத்தில் கூடு கட்டியிருந்தது. குஞ்சுகள் இன்னும் கண் திறக்கவில்லை.

காட்டுக்குத் தலைவர் மயிலார். அவருக்குக் கரிச்சானின் பேச்சு பிடிக்கவில்லை. "விருந்தாளிங்க வர்ற இடத்துல பாம்பு, பருந்துன்னு இப்படியா அலறுவே? கொஞ்சம் பதமாச் சொல்லேன்" என்றார்.

கரிச்சான் கெட்டிக்காரப் பறவை. புறாவிடம் கொஞ்சம் குழைவு, மைனாவிடம் கொஞ்சம் மரியாதை, மயிலாரிடமே கொஞ்சம் மிடுக்கு என்று காதில் விழுந்ததையெல்லாம் பொறுக்கிச் சேர்த்துப் பேசிப் பார்த்தது. என்ன அழகு! யார் மனமும் நோகவில்லை. மயிலார் சபாஷ் போட்டார். நாளாக ஆக, பாம்பு வருகிறதா என்று தலையைத் திருப்பிப் பார்க்கிற வேலையும் அதற்கு இல்லாமல் போயிற்று. வாயைத் திறந்தால் வார்த்தை தானாக வந்தது.

ஒருநாள் இரை தேடக் கிளம்பிய தவிட்டுக்குருவி, அடிமரத்தில் சரசரப்பு கேட்டு நின்றது. "அண்ணே, என்னமோ ஏறுற மாதிரி இருக்கு. பாத்துச் சொல்லுண்ணே."

"நிலைமை தொடர்ந்து கண்காணிக்கப்பட்டு வருகிறது. அனைவரின் பாதுகாப்பே நமது தலையாய நோக்கம்" என்றது கரிச்சான், இறகைக் கோதியபடியே.

இவ்வளவு நன்றாகச் சொல்கிறதே என்று அந்தப் பேதை நம்பிப் பறந்துவிட்டது. திரும்பி வந்தபோது கூடு காலி. வயிறு புடைத்த பாம்பு மெதுவாக மரத்தைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியாண்ணே? நீ பாத்தியா?"

"இந்நிகழ்வு குறித்து ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது."

தவிட்டுக்குருவி அதன் முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்தது. "யாரு வருத்தப்படுறா? நீயா? அப்படின்னா உன் குரல்ல ஒரு வார்த்தை சொல்லு."

கரிச்சானுக்கு அப்போதுதான் உறைத்தது. அழத்தான் வாயைத் திறந்தது. புறாவின் குழைவு வந்தது. மறுபடி திறந்தது, மைனாவின் மரியாதை வந்தது. தொண்டை நோக நோக முயன்றும் அந்தப் பழைய கரகரப்பு வரவே இல்லை.

"போதும்ண்ணே. இனி நாங்களே பாத்துக்கறோம்" என்றது தவிட்டுக்குருவி.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் காவலை யாரிடமும் விடாமல் கூட்டமாகத் திரிந்து, சருகு அசைந்தாலே தாங்களே கத்தித் தீர்க்கின்றன. கரிச்சான் எல்லார் குரலிலும் கத்திப் பார்க்கிறது. அதன் சொந்தக் குரலை மட்டும் அதற்கப்புறம் யாரும் கேட்டதில்லை.