எந்த இடத்தில் இறுக்குவது

"என்ர மகள் என்னட்டைப் பொய் சொல்லுறாள்" என்றார் குகதாசன்.

பயிற்சியாளர் நிவேதிகா பிளாஸ்டிக் கூம்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரைவிடப் பத்து வயதாவது இளையவள்.

"என்ன பொய், அண்ணை?"

"ஸ்கேட்டுக்கு லேஸ் கட்டி முடிய ஒவ்வொரு முறையும் கேக்கிறனான். சரியோ பிள்ளை எண்டு. சரி எண்டுதான் சொல்லுவாள். ஒரு நாளும் நோகுது எண்டு சொன்னதில்லை."

நிவேதிகா அடுக்குவதை நிறுத்தவில்லை.

கனடாவின் ஸ்கார்பரோவில் ஒரு பனித்தரை அரங்கு அது. குகதாசனின் மகள் ஆரபிக்குப் பத்து வயது. அங்கேதான் அவள் ஐஸ் ஹாக்கி விளையாடுகிறாள். போன குளிர்காலத்தில் ஒருநாள் வளைந்து திரும்பும்போது அவளுடைய கணுக்கால் பிசகிவிட்டது. கார் வரைக்கும் குகதாசன்தான் தூக்கிக்கொண்டு போனார். அதுவரை தன் லேஸைத் தானே கட்டிக்கொண்டவள் அவள். அதற்குப் பிறகு அவரே கட்டினார்.

ஒரு சனிக்கிழமை, விளையாட்டு முடிந்து அவர் பையை எடுக்கப் போயிருந்தபோது, வேறொரு பிள்ளையின் தாய் ஆரபியின் ஸ்கேட்டைக் கழற்றிவிட்டாள்.

காலுறை காலோடு ஒட்டிப்போயிருந்தது. பாதத்தின் மேலே தோல் உரிந்து, லேஸின் தடம் குறுக்கும் நெடுக்குமாகப் பதிந்திருந்தது. விரல்கள் வெளிறிக் கிடந்தன.

அவர் பையோடு திரும்பி வந்தபோது அந்தத் தாய் அவரைப் பார்த்தாள். பிறகு மற்றவர்களும் பார்த்தார்கள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று குகதாசன் மகளைப் பார்த்துக் கத்தினார். உடைமாற்றும் அறை முழுவதும் பிள்ளைகள். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

ஆரபி தலை நிமிரவில்லை. நொண்டிக்கொண்டே கார் வரை நடந்தாள். அவர் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை.

புண் ஆறும்வரை அவள் விளையாடவில்லை. அந்த நாட்களில் குகதாசன் அவள் எழும்புமுன்பே வேலைக்குப் போனார். சாப்பாட்டு மேசையில் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். மகள் வெறுங்காலோடு கூடத்துக்குள் வந்தால், எழுந்து அடுத்த அறைக்குப் போனார்.

இன்றுதான் மறுபடி கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவள் உள்ளே உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு லேஸ் கட்டத் தெரியுமோ?" என்று நிவேதிகா கேட்டாள்.

"தெரியும். வீடியோ பாத்தனான்."

"சொல்லுங்கோ."

"விரல் பக்கம் இளக்கமா விடவேணும். நடுவில இறுக்கவேணும், அப்பதான் குதிக்கால் பின்னால போய் அசையாமல் இருக்கும். மேல கொஞ்சம் விடவேணும். இல்லாட்டி முன்னால குனிஞ்சு ஓடேலாது."

"சரிதான். அப்பிடியோ கட்டினீங்கள்?"

குகதாசன் தரையைப் பார்த்தார்.

"இல்லை" என்றார். "விரலில இருந்து மேல வரைக்கும் இறுக்கினனான். கால் திரும்பக்கூடாது எண்டு."

நிவேதிகா கடைசிக் கூம்பையும் அடுக்கினாள்.

"எவ்வளவு இறுக்கினால் சரி எண்டு காட்டித் தாங்கோ" என்றார் அவர். "அதுக்குத்தான் வந்தனான்."

"அது எனக்குத் தெரியாது, அண்ணை."

"நீங்கள் கோச் எல்லோ?"

"கால் ஆரபியின்ர. அவளைக் கேளுங்கோ."

"அதைத்தானே சொல்லுறன். கேட்டால் பொய் சொல்லுறாள்."

நிவேதிகா முதல்முறையாக அவருடைய சப்பாத்துகளைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எத்தினையாம் சைஸ்?"

இரவல் ஸ்கேட்டுகள் இருக்கும் அலுமாரியைத் திறந்து ஒரு சோடியை எடுத்துவந்தாள். சுவரோரம் கிடந்த நீள வாங்கைக் காட்டி, "இருங்கோ" என்றாள்.

அவர் சப்பாத்தைக் கழற்றினார். காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை. காலை வாங்குக்குக் கீழே இழுத்துக்கொண்டார். அவள் அதைக் கவனிக்காதவள்போல முழந்தாளிட்டு, அவருடைய காலைப் பிடித்து ஸ்கேட்டுக்குள் செலுத்தினாள்.

விரல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு குறுக்கையும் சுண்டி இழுத்தாள். நடுவில் இழுத்தாள். மேலேயும் அதே இறுக்கம். கடைசித் துளைவரை விடவில்லை. அவளுடைய நெற்றி வியர்த்தது.

பக்கத்து வாங்குகளில் இருந்த தாய் தகப்பன்மார் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றார் குகதாசன்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கட்டோ?"

அவர் ஓம் என்று தலையசைத்தார்.

அவள் இறுக்கினாள். மற்றக் காலையும் அப்படியே கட்டினாள்.

"எழும்பி நில்லுங்கோ."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பாதத்தின் மேலே கம்பி வைத்து அழுத்துவதுபோல இருந்தது. நாலைந்து அடி வைத்தார். விரல்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அவரைப் பார்த்துச் சிரித்தார், நல்ல மனதோடுதான்.

"நோகுதோ?" என்று நிவேதிகா கேட்டாள்.

"இல்லை."

"உண்மையாவோ?"

"இல்லையெண்டு சொல்லுறன்தானே."

அவள் கூம்புகளை எடுத்துக்கொண்டு பனித்தரைக்குள் இறங்கிப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

குகதாசன் வாங்கில் வந்து இருந்தார்.

குனிந்து லேஸை அவிழ்க்கப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். இப்போது அவிழ்த்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஏன் இல்லையென்று சொன்னோம் என்று யோசித்தார். நிவேதிகா முழந்தாளிட்டு, வியர்க்க வியர்க்கக் கட்டிவிட்டாள். அவளிடம் எப்படிச் சொல்வது?

அதற்கு மேல் நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார்.

"அப்பா."

ஆரபி முன்னால் நின்றாள். தோளிலும் முழங்காலிலும் கவசங்கள் போட்டு, ஸ்கேட்டுகளைக் கையில் தூக்கிவைத்திருந்தாள். அவருடைய கால்களைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"ஆர் கட்டிவிட்டது?"

"கோச்."

"நோகுதோ?"

"இல்..." என்று தொடங்கினார்.

மகள் காத்துக்கொண்டு நின்றாள்.

"நோகுது, பிள்ளை" என்றார். "சரியா நோகுது."

ஆரபி தன் ஸ்கேட்டுகளைக் கீழே வைத்தாள். முழந்தாளிட்டு அவருடைய லேஸை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகத்தால் கிளப்பினாள். ஒவ்வொரு குறுக்காக இளக்கிக்கொண்டு வந்து, பாதத்தின் நடுவில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"இதிலதானே கூட நோகுது?"

"ஓம்."

"அதில கொஞ்ச நேரம் அப்பிடித்தான் இருக்கும். காலை நீட்டிவையுங்கோ."

அவர் காலை நீட்டினார். இரத்தம் திரும்ப ஓடும்போது விரல்கள் சுள்ளென்று குத்தின. அவர் பல்லைக் கடிப்பதை அவள் பார்த்தாள்.

"ஏன் கோச்சிட்டைச் சொல்லேல்லை?"

"வெக்கமா இருந்தது."

ஆரபி மற்றக் காலை அவிழ்த்தாள்.

"அண்டைக்கு எல்லாற்றை முன்னாலயும் உன்னைக் கத்தினனான்" என்றார் குகதாசன். "அது பிழை."

"ம்."

"உன்ர கால்..."

அவள் லேஸைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நீங்கள் கட்டேக்குள்ள உங்கட கை நடுங்குமப்பா. நான் விழுந்துபோவன் எண்டு நினைக்கிறீங்கள் எண்டு தெரியும். அதுதான் சரி எண்டு சொன்னனான்."

பனித்தரையில் விசில் ஊதினார்கள். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே இறங்கினார்கள்.

"நான் கட்டட்டோ?" என்று குகதாசன் கேட்டார். "இல்லாட்டி நீயே கட்டுறியோ?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு வாங்கில் ஏறி இருந்து காலை நீட்டினாள்.

அவர் தன் ஸ்கேட்டுகளைக் கழற்றிவிட்டு, வெறும் காலுறையோடு குளிர்ந்த தரையில் முழங்காலில் இருந்தார். அவளுடைய காலுறையை இழுத்துக் கழற்றினார். பாதத்தில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்தார். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை.

காலுறையைப் போட்டு ஸ்கேட்டை மாட்டி, குதியைப் பின்னால் தட்டி உட்காரவைத்தார்.

"விரலை ஆட்டு."

ஆட்டினாள்.

"ஆடுதோ?"

"ஆடுது."

நடுவுக்கு வந்தார். லேஸை மெல்ல, புண்ணைத் தொடுவதுபோல இழுத்தார். இரண்டு நுனிகளையும் கையில் பிடித்தபடி நிறுத்தினார். சரியோ என்று கேட்கவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆரபி காலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இறுக்கம் காணாது, அப்பா" என்றாள். "அதில இன்னும் கொஞ்சம் இறுக்குங்கோ."