ஆவாரஞ்செடிக்குக் கட்டிய காப்பு

மழை வழி தவறிக்கூட வராத ஒரு வறண்ட நாட்டில், முன்னொரு காலத்தில், நாச்சம்மா என்றொரு பெண் அண்ணனோடு இருந்தாள். மார்கழி வெயில்கூட அங்கே மண்டையைப் பிளக்கும். சூடு தாங்காமல் அண்ணன் சென்னியப்பன், ஊருக்கு வெளியே கரட்டுக் குன்றில் குடியிருந்த மந்திரவாதியின் ஆவாரஞ்செடியில் ஒரு கொத்து ஒடித்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

"என் செடி உன் தலைக்குக் கேக்குதா? நீயே செடியா நில்லு!"

நின்ற இடத்திலேயே வேர்விட்டான் அண்ணன். மஞ்சள் மஞ்சளாகப் பூத்தான்.

நாச்சம்மா மந்திரவாதியின் காலில் விழுந்தாள்.

"நாளைப் பொழுது சாயறவரைக்கும் ஒரு கிளை ஒடியாம இருந்தா உங்கண்ணன் உனக்கு. ஒடிஞ்சா எனக்கு. யார்கிட்டயாவது வாயைத் திறந்தே, அண்ணன் போச்சு!"

நாளை என்ன நாள் தெரியுமா? பொங்கலுக்கு முந்தின நாள், காப்புக் கட்டும் நாள்! வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்து வீட்டுக்கு வீடு கட்டுவார்கள். ஊரே பூ ஒடிக்க வரும்.

விடிந்ததும் செடியை மறைத்து நின்றாள் நாச்சம்மா. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி வந்தாள்.

"ஏம்புள்ள, செடியைக் கண்ணாலம் கட்டிக்கப் போறியா? தள்ளு!"

வாயைத் திறந்தால் அண்ணன் போச்சு. நாச்சம்மா செடியை இறுகக் கட்டிக்கொண்டாள். பாப்பாத்தி இழுத்த இழுப்பில் ஒரு இலை கிழிந்தது. அதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் நாச்சம்மாவின் உள்ளங்கையில் விழுந்தது.

"வேற செடியா இல்லை!" என்று பாப்பாத்தி நொடித்துக்கொண்டு போனாள்.

அதற்குள் அரிவாளும் கையுமாக ஒரு கூட்டமே கரடு ஏறி வந்தது. நாச்சம்மா பக்கத்திலிருந்த கூடையைப் பார்த்தாள். தன் வீட்டுக் காப்புக்கென்று பறித்த வேப்பிலையும் பூளைப்பூவும் கூடையில் கிடந்தன. சேலைத் தலைப்பைக் கிழித்தாள். இரண்டையும் செடியோடு சேர்த்து முடிந்தாள்.

"நிறுத்துங்கடி! காப்புக் கட்டியிருக்குது. காப்புக் கட்டினதுல யாராச்சும் கை வெப்பாங்களா?" என்று கூட்டத்தின் முன்னால் வந்த கிழவி தடுத்தாள்.

கூட்டம் விலகிப் போனது.

பொழுது சாயும் நேரம். மந்திரவாதியே ஓடி வந்தான்.

"ஊரு பயப்படும், நான் பயப்படுவேனா?"

கிளையைப் பிடித்தான். அவ்வளவுதான்! காப்பில் பட்ட கை சுள்ளியாய்க் காய்ந்தது; தோள் காய்ந்தது; ஆளே காய்ந்து, காற்றில் முறிந்து விழுந்தான்.

சூரியன் இறங்கியது. செடி நின்ற இடத்தில் சென்னியப்பன் நின்றான். மணிக்கட்டில் காப்பு. காதோரம் ஒரு கிழிசல்.

"வலிக்குதாண்ணா?" என்று கேட்டுவிட்டு, அடக்கிவைத்த அழுகையெல்லாம் அழுதாள் நாச்சம்மா.

அன்றிலிருந்து அந்தக் கரட்டில் யார் வேண்டுமானாலும் ஆவாரங்கொத்தைத் தலையில் வைத்துக்கொள்ளலாம் என்றானது. நாச்சம்மா மட்டும் ஒவ்வொரு செடியிடமும் குனிந்து, மெதுவாகக் கேட்டுவிட்டுத்தான் ஒடிப்பாள்:

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"