திரைக்குப் பின்னால் விற்ற கண்மை

உங்களுக்கும் எனக்கும் முன்னால், யாராலும் கணக்குச் சொல்ல முடியாத ஒரு காலத்தில், பூஞ்சோலை நாட்டை மாறவேலன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். ஆண்டார் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். காலையில் ஒரு சட்டம் போடுவார், மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும், "எவனய்யா இந்தச் சட்டத்தைப் போட்டது?" என்று அவரே கத்துவார்.

அவருடைய கடைத்தெருவில் கண்மை விற்றுப் பிழைத்தாள் முத்துப்பேச்சி. அடடா, அது மை! கண்ணில் தீட்டினால் குளுகுளுவென்று இருக்கும். என்ன பிரயோசனம்? அவள் முகத்தை ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை. சிமிழ் வாங்கிக் கொடுத்த தரகன், "அழகுச் சாமானை அழகிதான் விற்கணும். உன் மூஞ்சியைக் காட்டினா யாவாரம் படுத்துரும்" என்று சொல்லி, மூடியில் தேவலோகத்துப் பெண் ஒருத்தியை வரைந்து கொடுத்திருந்தான். இந்தப் பைத்தியமும் அதை நம்பி, கடை வாசலில் திரையைத் தொங்கவிட்டு, இடுக்கு வழியாகக் கையை மட்டும் நீட்டி விற்றுக்கொண்டிருந்தாள்.

அரண்மனைச் சிங்கார மண்டபத்து அதிகாரி வரதுங்கருக்கு இதைப் பார்த்து வயிறு எரிந்தது. அவரும் ஒரு மைக்கடை போட்டார். அதே சிமிழ், அதே தேவலோகத்துப் பெண், அதே சிரிப்பு! உள்ளே இருந்தது என்ன மை என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, தாதி கடைத்தெருவில் வாங்கி வந்த சிமிழைத் திறந்து ராணி மை தீட்டினாள். உச்சிப்பொழுதுக்குள் இரண்டு கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்து வீங்கிப் போயின. ராஜா சிம்மாசனத்தை விட்டுக் குதித்தார்.

"யார் செய்த மை இது? நாளைப் பொழுது சாய்வதற்குள் அந்த ஆள் நாட்டை விட்டே ஓட வேண்டும்!"

"திரைக்காரி மைதான், அரசே" என்றார் வரதுங்கர், மீசையைத் தடவிக்கொண்டு. "நல்ல சரக்கு விற்கிறவள் எதற்காக ஒளிந்துகொள்ள வேண்டும்?"

சேதி முத்துப்பேச்சியின் காதில் விழுந்தது. கடை போச்சு, வீடு போச்சு, பிறந்த ஊரும் போச்சா? தலைதெறிக்க ஓடி மந்திரி நல்லதம்பியாரின் காலில் விழுந்தாள்.

"சாமி, அது என் மை இல்லை!"

"இருக்கட்டும் அம்மா. உன்னைத் தெரியும் என்று சொல்ல ஊரில் யாராவது உண்டா?"

முத்துப்பேச்சி யோசித்தாள். பத்து வருஷ வியாபாரத்தில் ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மந்திரி நேரே ராஜாவிடம் போனார். "மகாராஜா, வரதுங்கர் கடைச் சிமிழும் அவள் சிமிழும் ஒரே மாதிரி. மூடியில் இருக்கிற தேவலோகத்துப் பெண்ணை விசாரிக்கலாம் என்றால் அவள் வாய் திறக்க மாட்டேன் என்கிறாள். இரண்டு கடைக்காரரும் நாளைக்கு ஊர் முன்னால் நின்று தங்கள் மைக்குத் தாங்களே பேசட்டும்."

"பலே! வேடிக்கையாக இருக்கும்" என்று ராஜா கைதட்டினார். வரதுங்கருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். பேச்சில் அவரை யார் மிஞ்சுவது?

மறுநாள் கடைத்தெருவில் எள் போட்டால் கீழே விழாது, அத்தனை கூட்டம்! வரதுங்கர் பட்டுடுத்தி வந்து, மையைப் பற்றி ஒரு நாழிகை முழங்கினார். கார்மேகம் என்றார், கருங்குவளை என்றார். கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது.

அடுத்து முத்துப்பேச்சி. ஊர் முன்னால் திரை இல்லாமல் முதல் தடவை! ஆயிரம் கண்கள் அவள்மேல். "இவளா? நாங்க வேற மாதிரி நினைச்சோமே!" என்று யாரோ சிரித்தார்கள். அவளுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் எங்கே ஓடுவது? நாட்டை விட்டல்லவா ஓட வேண்டும்! வந்தது பாருங்கள் ஒரு ரோஷம்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. செய்யத்தான் தெரியும்" என்றாள். "கரிசலாங்கண்ணிச் சாத்துல துணியைத் தோச்சுக் காயவைப்பேன். அதைத் திரியாக்கி விளக்கெண்ணெயில எரிப்பேன். மேல கவுத்த செம்புத்தட்டுல படியிற கரியை வழிச்சு நெய்யில குழைப்பேன். குழைச்சதும் முதல் தீட்டு என் கண்ணுலதான். ராத்திரி முழுக்க உறுத்தலைன்னாத்தான் சிமிழ்ல அடைப்பேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. சிமிழைத் திறந்து, விரலால் எடுத்து, இரண்டு கண்ணிலும் தீட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். என்ன கண் அது! "எனக்கு ஒண்ணு! எனக்கு ஒண்ணு!" என்று பெண்கள் முண்டியடித்தார்கள்.

அவள் வரதுங்கர் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்களும் உங்க மையில ஒரு தீட்டு தீட்டிக்குங்களேன்."

வரதுங்கர் ஓரடி பின்வாங்கினார். "எனக்கு... இன்றைக்குக் கண்வலி."

"அப்படியானால் மருந்தாகவே இருக்கட்டும், தீட்டும்!" என்றார் ராஜா.

வரதுங்கர் சிமிழைத் திறந்தார், மூடினார். தடாலென்று ராஜா காலில் விழுந்தார். "அரசே, மன்னிக்க வேண்டும்! அடுப்புக்கரியும் செக்கில் மிஞ்சிய கசடும்! என் ஆட்கள்தான் குழைத்தார்கள். நான் அதைத் தொட்டதுகூட இல்லை!"

"தொடாத மைக்குத்தான் ஒரு நாழிகை பேசினீரா?" என்றார் மந்திரி. பொழுது சாய்வதற்குள் வரதுங்கர் எல்லை தாண்டியிருந்தார்.

ராஜாவுக்கு ஒரே குஷி. "முத்துப்பேச்சி, இனி அரண்மனைக்கு மை உன்னுடையதுதான். அது மட்டுமா? உன் சிமிழ் மூடியில் இனிமேல் என் திருமுகத்தையே வரைந்துகொள்! எந்த வியாபாரிக்கும் கிடைக்காத பெருமை!"

மந்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராஜாவிடம் வேண்டாம் என்று யார் சொல்வது?

முத்துப்பேச்சி கைகூப்பினாள். "பெரிய பாக்கியம், மகாராசா. ஒரே ஒரு சந்தேகம். நாளைக்கு எவளுக்காவது கண்ணு உறுத்தினா, மூடியில யார் முகம் இருக்கோ அவங்க வாசல்லதானே வந்து சண்டை போடுவா?"

ராஜா கடைத்தெருவை நிறைத்து நின்ற பெண்களை ஒரு தடவை பார்த்தார்.

"ஐயையோ! யாரய்யா அங்கே? சித்திரக்காரனைக் கூப்பிடுங்கள்! இந்த அம்மாவின் முகத்தையே வரையச் சொல்லுங்கள்!"