பேர் வாங்கியவன்

"இருபது வருஷமா நான் உலக்கை பிடிக்கிறேன். நேத்து வந்தவன் மூலிகை பறிக்க மலைக்குப் போறான். இது நியாயமா, அம்மா?" என்று கேட்டான் லுவோ.

மருந்துக்கூடத்தின் ஆசான் ஷூ யின் அம்மையார் வேர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். சிஷ்யன் லுவோவுக்கு ஐம்பது வயது. ஆசான் அவனைவிட இரண்டு வயது இளையவர். அந்த எரிச்சல் அவனுக்குப் பழகிவிட்டது. பழகாதது ஜியான்.

"நேத்து வந்தவனா? ஜியான் வந்து மூணு வருஷம் ஆச்சே."

"எனக்கு நேத்துதான்."

ஆசான் அவன் இடித்த பொடியை முகர்ந்து பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் இடி."

ஜியானுக்கு அப்படியொரு மூக்கு. எந்த வேர் எந்தப் பாறைக்குப் பின்னால் கிடக்கிறது என்று காற்றை முகர்ந்தே சொல்வான். ஊரெல்லாம் அவன் பேச்சு. லுவோ மட்டும் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. வயிற்றெரிச்சல்காரனுக்கு நாக்கு அப்படித்தான் மரத்துப்போகும்.

அந்த மழைக்காலத்தில் ஜியான் பாறையிலிருந்து வழுக்கி விழுந்தான். தலையில் பலத்த அடி. எட்டாம் நாள்தான் கண் திறந்தான். பேச்சு இல்லை. ஆசானைத் தெரியவில்லை. கரண்டி எதற்கென்றும் தெரியவில்லை.

லுவோவுக்குள் ஒரு மூலையில் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. பொய் சொல்வானேன்? நன்றாகவே எட்டிப் பார்த்தது.

ஆசான் அவனை அழைத்தார்.

"கட்டின ரத்தம் கரைய சான்சி வேர். தலைச்சுற்றுக்கு தியான்மா கிழங்கு. அடைச்ச நாக்குக்கு வசம்பு. மூணு வேளை. நீதான் காய்ச்சணும், நீதான் ஊட்டணும்."

"நானா?"

"உன் பக்குவம் வேற யாருக்கு வரும்?"

இருபது வருஷம் காத்திருந்த வார்த்தை. அதுவும் ஜியானுக்காகத்தான் வந்தது. லுவோவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"ஊட்டும்போது பேசு," என்றார் ஆசான். "இனி அவன் பச்சப்புள்ள மாதிரி. காதுல விழுறதைத்தான் பிடிச்சுக்குவான்."

லுவோ மருந்தில் குறை வைக்கவில்லை. தொழிலில் அவன் சுத்தம். மூன்று குவளைத் தண்ணீர் ஒன்றாகச் சுண்டும்வரை அடுப்பை விட்டு நகரமாட்டான். ஆனால் ஆசான் தினமும் வந்து ஜியானின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போவார். லுவோவிடம் "சாப்பிட்டியா?" என்றுகூடக் கேட்டதில்லை.

"பேச்சு போயும் பேர் வாங்குறான் பாரு," என்று பொருமுவான்.

அவர் தலை மறைந்ததும் கரண்டியை நீட்டுவான்.

"சனியனே, மருந்து!"

ஆசான் பேசச் சொன்னாரே, அதுதான் பேச்சு. மூன்று வேளையும் அதேதான். நாற்பது நாள்.

நாற்பத்தோராம் நாள் காலையில் ஜியானின் உதடு அசைந்தது. ஏதோ சத்தம் வந்தது. லுவோவே ஓடிப்போய் ஆசானைக் கூட்டிவந்தான். ஏன் அப்படி ஓடினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

ஆசான் கட்டிலருகே குனிந்து ஜியானின் நெஞ்சில் விரல் வைத்தார்.

"உன் பேரு என்னப்பா?"

ஜியானின் முகம் மலர்ந்தது. பதில் தெரிந்த கேள்வி.

"சனியன்."

லுவோ தரையைப் பார்த்தான். காது மடல் சுட்டது. ஆசான் அவன் பக்கம் திரும்பவே இல்லை. விரலை மட்டும் நீட்டினார்.

"இவரு யாரு?"

ஜியான் லுவோவைப் பார்த்தான். கரண்டிக்கு வாய் திறப்பதுபோல அகலத் திறந்தான். பிறகு சிரித்தான்.

"மருந்து."