கூடைக்குள் ஒரு ஜூஸ் பாக்கெட்

கல்லேரிக் கரையில் அமுதவல்லி அம்மையின் மடம் இருந்தது. பெரிய மடம் இல்லை. இரண்டு ஓட்டுக் கட்டடங்கள், ஒரு கிணறு, ஒரு காய்கறித் தோட்டம். அங்கே தங்கிப் பாடம் கேட்டவர்களில் பூவராகனும் ஒருவர். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் மடத்துக்கு வந்தார். அம்மையைவிட வயதில் மூத்தவர் என்பதால் அம்மை அவரை ஐயா என்றே அழைப்பார். அவரோ அம்மையின் எதிரில் உட்காரக்கூட மாட்டார்.

மடத்துக்கு வந்தபின் பூவராகன் ஒவ்வொன்றாக விட்டார். முதலில் காரை விட்டார். பிறகு மின்விசிறியை, பற்பசையை, கடையில் வாங்கும் சோப்பை. காலில் கிடந்த செருப்புகூடப் பழைய டயரில் தைத்தது. எதையாவது விட்ட நாளில் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். நீரிழிவு மாத்திரையை மட்டும் விட முடியவில்லை. காலியான மாத்திரை அட்டையைக் குப்பையில் போடும்போதெல்லாம் முகம் சுருங்கும்.

அந்தப் பங்குனியில் பக்கத்து டவுன்காரர்கள் பள்ளி மைதானத்தில் இரண்டு நாள் சந்தை வைத்தார்கள். பூமியைக் கெடுக்காமல் வாழ வழி சொல்லும் சந்தை. தையல் கடை வைத்திருந்த மெஹருன்னிசா முன்னின்று நடத்தினார். ஒரு பக்கம் கிழிந்த குடையையும் ஓடாத மிக்ஸியையும் பழுது பார்த்துக் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம், பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன சட்டையைக் கொடுத்துவிட்டுப் பெரிய சட்டை எடுத்துக்கொள்ளலாம். நாட்டு விதை, மண்புழு உரம், வெயிலிலேயே சோறு வேகும் அடுப்பு எல்லாம் இருந்தன. சாப்பிட வருபவர்கள் வீட்டிலிருந்து தட்டும் டம்ளரும் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பள்ளியைச் சுற்றியிருந்த கடைக்காரர்களும் சந்தை முடியும்வரை பாட்டில், பாக்கெட் பானங்களை விற்பதில்லை என்று ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

மடத்துக்கும் ஒரு ஸ்டால் கொடுத்தார்கள். பூவராகன் அதை ஏற்றுக்கொண்டார். முன்னால் பெரிய மூங்கில் கூடை ஒன்றை வைத்து, கையில் இருக்கும் பிளாஸ்டிக்கை இதில் விட்டுச் செல்லுங்கள் என்று அட்டையில் எழுதி மாட்டினார். அம்மை அதைப் படித்தார். சமையல் பந்தலுக்குப் போய்க் காய் நறுக்க உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் நன்றாகவே வந்தது. காலை மாத்திரையைப் போட்டுக்கொண்ட பூவராகன் சாப்பிடப் போகவில்லை. எழும்போதெல்லாம் யாராவது வந்து ஏதாவது கேட்டார்கள். பேசுவது அவருக்குப் பசியைவிடப் பிடித்திருந்தது.

அப்போது லூர்து என்ற பெண் தன் மகளோடு வந்தார். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவர். மகள் பெனிட்டா பள்ளியில் படிக்கிறாள். லூர்து உடனே எதுவும் கேட்கவில்லை. கூட்டம் கொஞ்சம் குறையட்டும் என்று ஓரமாக நின்றார். அவர் தோளில் தொங்கிய துணிப்பைக்குள் மாம்பழ ஜூஸ் பாக்கெட்டுகள் இருந்ததைப் பூவராகன் பார்த்துவிட்டார்.

அவற்றை வெளியே எடுக்கச் சொன்னார். எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். பிள்ளைக்கு ஒரு மாம்பழத்தை அறுத்துக் கொடுக்க நேரமில்லையா என்று கேட்டார். குடிக்க ஒரு நிமிஷம் ஆகும், இந்த உறை மண்ணில் கிடப்பதை நம் பேரப்பிள்ளைகளும் பார்ப்பார்கள் என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். யாரோ சிரித்தார்கள். பெனிட்டா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

லூர்து பதில் சொல்ல வாயெடுத்தார். மகளைப் பார்த்தார். சொல்லவில்லை. பாக்கெட்டுகளை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று காலை நடந்தவற்றில் அதுதான் பெரிய காரியம் என்று பூவராகனுக்குத் தோன்றியது.

வெயில் ஏறியது. மக்கள் சாப்பாட்டுப் பந்தலுக்குப் போனார்கள். ஸ்டாலில் பூவராகன் மட்டும் இருந்தார். முதுகு வியர்த்தது. வெயில்தான் என்று நினைத்தார். கை நடுங்கியது. அட்டையில் தாம் எழுதிய எழுத்தையே அவரால் படிக்க முடியவில்லை.

அந்த நேரத்தில் லூர்து திரும்பி வந்தார். பாக்கெட் இல்லாமல் அவரால் பெனிட்டாவை வெயிலில் வீடுவரை நடத்திக் கூட்டிப்போக முடியாது. வெளியே கடை கடையாகக் கேட்டும் கிடைக்கவில்லை. திரும்பக் கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் வந்தார்.

"ஐயா, காலையில நான் போட்டுட்டுப் போன பாக்கெட்டு..." என்று தொடங்கினார்.

பூவராகன் அவரைப் பார்த்தார். பாலத்துக்கு அளவெடுக்க வேண்டும், டேப்பை யார் கொண்டுபோனது என்று கேட்டார். நாக்கு குழறியது. சட்டை முழுவதும் நனைந்திருந்தது.

லூர்து அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் எத்தனையோ முறை பார்த்த கோலம் அது. அவர் பூவராகனின் பின்னால் போய்த் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பெனிட்டா கூடையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தாள். குழலைக் குத்தி அவர் வாயருகே நீட்டினாள்.

"குடிங்க தாத்தா. மெதுவா."

அவர் கையைத் தட்டிவிடப் பார்த்தார். அவள் மறுபடியும் நீட்டினாள். குடித்தார். அடுத்ததையும் குடித்தார்.

அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். என்ன கொடுக்கிறீர்கள், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். காலையில் தலையாட்டியவர்களும் அவர்களில் இருந்தார்கள். லூர்து ஒரு கணம் தயங்கினார்.

"இவருக்குச் சர்க்கரை இறங்கிப்போச்சு. என் பொண்ணுக்கும் சுகர் இருக்கு. இப்படி ஆனா நாங்க இதைத்தான் குடுப்போம்" என்றார்.

சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்ததை அவர் ஊரார் முன்னால் சொன்னார்.

அரசு மருத்துவமனையில், அந்த மாத்திரையால் சர்க்கரை மறுபடியும் இறங்கலாம், காலைவரை இருக்கட்டும் என்று படுக்க வைத்தார்கள். தலைக்குமேல் பிளாஸ்டிக் பையில் குளுக்கோஸ் தொங்கியது. அதிலிருந்து வந்த பிளாஸ்டிக் குழாய் அவர் கையில் முடிந்தது. பூவராகன் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

மாலையில் அம்மை கஞ்சி கொண்டுவந்தார். அதைக் குடித்து முடித்தபின் பூவராகன் நடந்ததையெல்லாம் சொன்னார். தாம் பேசிய ஒரு சொல்லையும் குறைக்கவில்லை.

"அம்மை, நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்."

"கேட்டால் என்ன செய்வார்?"

"மன்னிப்பார். நல்லவர்."

"ஆக, இன்னும் ஒன்றை அவர் உங்களுக்குத் தர வேண்டும்."

பூவராகன் கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"முதலில் நன்றி சொல்லுங்கள், ஐயா. அதற்கு அவர் எதுவும் தர வேண்டாம்" என்றார் அம்மை.

மறுநாள் காலை மருத்துவமனையிலிருந்து விட்டார்கள். பூவராகன் எதிர்க்கடைக்குப் போனார். ஜூஸ் பாக்கெட் அடுக்கியிருந்த தட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கூடையில் இருந்ததைப் போன்றவையாகப் பார்த்து வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டார். அம்மை கடைவாசலில் காத்திருந்தார். லூர்துவின் வீடு மாதா கோயில் தெருவில் என்று மெஹருன்னிசா சொல்லியிருந்தார். இருவரும் நடந்தே போனார்கள்.

வழியெல்லாம் என்ன சொல்வது என்று பூவராகன் யோசித்து வைத்திருந்தார். லூர்து கதவைத் திறந்ததும் அதில் ஒன்றும் வரவில்லை.

"உங்களால்தான் இன்று கண் விழித்தேன். நன்றி அம்மா" என்றார். பையை நீட்டினார்.

லூர்து வாங்கிக்கொண்டார். உட்காரச் சொன்னார். பூவராகன் சங்கடப்படுவதைப் பார்த்து அவரே பேச்சைத் தொடங்கினார்.

"நேத்துக் காலையில பேசினதை மனசுல வச்சுக்காதீங்க, ஐயா. சர்க்கரை இறங்கினா கோபம் வரும். இவளும் அப்படித்தான், தட்டைத் தூக்கி எறிவா."

பூவராகன் மறுத்துத் தலையசைத்தார்.

"இல்லையம்மா. நீங்கள் வந்தபோது எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கோபம் என்னுடையது."

லூர்து அவரைப் பார்த்தார்.

"எனக்கும் தெரியும். சும்மா சொன்னேன்" என்றார். பிறகு சிரித்துவிட்டார்.

பெனிட்டா அருகில் வந்து, தாத்தா விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பாரா என்று கேட்டாள். இல்லை, மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் பார்ப்பதுதான் என்றார். அவளுக்கு அது சரியாகப் படவில்லை. சர்க்கரை பார்க்கும் தன் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தாள். விரல் நுனியில் குத்தக்கூடாது, பக்கவாட்டில் குத்தினால் அவ்வளவாக வலிக்காது என்று சொல்லிப் புதிய ஊசி ஒன்றால் அவருக்குக் குத்தியும் காட்டினாள். குத்தி முடித்த ஊசியை மூடியுள்ள ஒரு தகர டப்பாவில் போட்டாள். டப்பா நிறைந்திருந்தது. மூடி சரியாக இறங்கவில்லை.

அதில் என்ன என்று பூவராகன் கேட்டார்.

"எல்லாம் இவ ஊசி. இதைக் கேக்கத்தான் நேத்து உங்ககிட்ட வந்தேன்" என்றார் லூர்து.

அவர் மெதுவாகச் சொன்னார். அந்தத் தெருவில் குப்பை எடுப்பவர் காத்தாயி. வெறுங்கையால்தான் எடுப்பார். ஒருநாள் குப்பையில் கிடந்த ஊசி குத்தி அவர் விரலில் ரத்தம் வழிந்ததை லூர்து பார்த்தார். யார் வீட்டு ஊசி என்று தெரியவில்லை. தங்கள் வீட்டு ஊசியாகவும் இருக்கலாம். அன்றிலிருந்து ஓர் ஊசியைக்கூடக் குப்பையில் போட்டதில்லை. கட்டிலுக்கடியில் இன்னும் டப்பாக்கள் இருந்தன. புதைத்தால் மண் தோண்டுபவர் கையில் குத்தும். ஏரியில் போட்டால் குளிப்பவர் காலில் குத்தும். இதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? பிளாஸ்டிக்கை விட்டுச் செல்லச் சொல்லி எழுதியிருந்தபடியால், இவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் காத்து நின்றார்.

பூவராகன் டப்பாவைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதம்மா. வாருங்கள், கேட்போம்."

எல்லோருமாக மறுபடியும் மருத்துவமனைக்குப் போனார்கள். இரவு அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஊசிகளைக் கெட்டியான மூடி போட்ட டப்பாவில் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வோம், அதற்குத் தனி ஏற்பாடு இருக்கிறது என்றார். இத்தனை நாளும் ஒருவரும் வந்து கேட்டதில்லை என்றும் சொன்னார். சந்தைக்கு வர முடியுமா என்று பூவராகன் கேட்டார். கொஞ்ச நேரம் வருகிறேன் என்றார்.

அன்று பிற்பகல் மடத்து ஸ்டாலில் கூடை இல்லை. ஒரு கெட்டியான பெட்டி இருந்தது. வீட்டில் போட்டுக்கொண்ட ஊசிகளை இங்கே தரலாம் என்று மெஹருன்னிசா ஒலிபெருக்கியில் சொன்னார்.

முதலில் யாரும் வரவில்லை. பிறகு ஒரு பெரியவர், மனைவிக்குப் போடுவது என்று முணுமுணுத்தபடி ஒரு பழைய பாட்டிலை நீட்டினார். அவரைப் பார்த்து இன்னொருவர் வீட்டுக்கு ஓடினார். சாயங்காலத்துக்குள் அலமாரிக்கு மேலேயும் கட்டிலுக்கடியிலும் ஒளித்து வைத்தவை ஒவ்வொன்றாக வந்தன. பெனிட்டா பெஞ்சில் உட்கார்ந்து, விரலின் எந்தப் பக்கத்தில் குத்த வேண்டும் என்று பெரியவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து இன்னொரு தாய் தன் பையனை அழைத்துவந்து பக்கத்தில் உட்கார வைத்தார். இருவரும் தங்கள் தங்கள் பெட்டியைக் காட்டிக்கொண்டார்கள்.

சந்தை கலையும்போது மைதானத்தைப் பெருக்கக் காத்தாயி வந்தார். பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் இனிமே குப்பையில வராதா?"

"வராதுக்கா" என்றார் லூர்து.

காத்தாயி தன் உள்ளங்கைகளை முந்தானையில் துடைத்தார். லூர்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். பூவராகன் எழுந்து, அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

அம்மையும் பூவராகனும் ஏரிக்கரை வழியாக மடத்துக்குத் திரும்பினார்கள். தண்ணீரில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

"அம்மை, நான் எவ்வளவோ விட்டேன். அந்தப் பெண்ணால் எதையும் விட முடியாது. விட்டால் மகள் இருக்க மாட்டாள். ஆனால் என்னைவிட அவர்தான் சரியாக வாழ்கிறார் என்று தோன்றுகிறது. ஏன்?"

"நீங்கள் ஒவ்வொன்றையும் விட்டபோது யாரை நினைத்துக்கொண்டீர்கள்?"

பூவராகன் நடையைத் தளர்த்தினார்.

"என்னைத்தான்."

"இப்போது?"

அவர் சொல்லத் தொடங்கினார். குழலைக் குத்திக் கொடுத்த அந்தச் சின்னக் கை. தோளைத் தாங்கிய தாய். தூங்கப் போகாமல் சந்தைக்கு வந்த நர்ஸ். குளுக்கோஸ் பையைச் செய்தவர்கள். எங்கோ ஒரு தோப்பில் மாம்பழம் பறித்தவர்கள். தம் பழைய வீட்டு வாசலில் அத்தனை வருஷமும் குப்பை எடுத்தவர். அவர் பெயரைக்கூடத் தாம் கேட்டதில்லை. சொல்லச் சொல்ல இன்னும் ஆட்கள் வந்தார்கள். நின்றுவிட்டார்.

"இத்தனை பேருக்கும் நான் எப்படித் திருப்பிக் கொடுப்பேன், அம்மை?"

"முடியாது, ஐயா. வயிறாரச் சாப்பிடுங்கள். இலையை மடித்துவிட்டு எழுந்திருங்கள். அடுத்த பந்திக்கு ஆட்கள் நிற்கிறார்கள்."