கரைக்கோடு

தரங்கம்பாடிக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மெஹருன்னிசா நீர்வண்ண ஓவியம் கற்றுக்கொடுத்துவந்தாள். இளவயதுக்காரி. அவளிடம் புதிதாக வந்து சேர்ந்த வைத்தியலிங்கமோ நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எல்லைக்கல் நட்டுப் பழகிய கை. தூரிகை பிடித்ததில்லை.

“என்ன வரையணும் சார்?”

“கடல்.”

“எதுக்கு?”

“வீட்டுல காட்டணும், டீச்சர்.”

அவர் மனைவி குமுதவல்லி முன்பெல்லாம் சாயங்காலமானால் அலையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வீடு திரும்புவாள். படியில் தவறி விழுந்து முதுகில் அடிபட்ட பிறகு கால்கள் மரத்துப்போய்க் கட்டிலோடு கிடந்தாள். பேச்சும் குறைந்துபோனது. சாப்பிடுகிறாயா என்று கேட்டால்கூடப் பதில் வராது. ஒருநாள் அவளாகவே வாய் திறந்து, “கடல் எப்படிங்க இருக்கு?” என்றாள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

மெஹருன்னிசா தாளை நனைத்தாள். ஈரத்தில் ஒரு சொட்டு நீலம் விட்டாள். அது தன்பாட்டுக்கு, மணல் வரவேண்டிய இடம்வரை பரவியது.

“கரையைத் தாண்டுதே!” என்று பதறினார்.

“தாண்டட்டும்.”

“அப்போ கரை எங்க இருக்கு?”

“எனக்குத் தெரியலையே சார்.”

சொல்லிக்கொடுப்பவளுக்கே தெரியாதா? வைத்தியலிங்கம் குழம்பினார். தனக்குத் தெரிந்தபடியே செய்தார். பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் மணல். ஒன்றில் ஒன்று ஒட்டாமல், ஒவ்வொன்றாய்க் காயவைத்துத் தீட்டினார்.

அவள் பார்த்தாள். தூரிகைகளைக் கழுவத் தொடங்கினாள்.

“நல்லா இல்லையா டீச்சர்?”

“கொண்டுபோய்க் காட்டுங்க.”

அது பாராட்டா, இல்லையா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனார்.

குமுதவல்லி படத்தை நெஞ்சின் மேல் நிமிர்த்திவைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“நான் எங்கங்க நிக்கிறது?”

“இதோ, மணல்ல.”

“அங்க நின்னா?”

அவள் கட்டிலருகே இருந்த டம்ளரில் விரலை முக்கினாள். கரைக்கோட்டின் மேல் வைத்துத் தேய்த்தாள். நீலம் இளகி மணலுக்குள் வழிந்தது. மணல் கலங்கியது.

“ஐயோ, என்ன பண்றே?” என்று அவள் கையைப் பிடித்தார்.

“இப்போ கால் நனையுதுங்க.”

அன்றைக்கு அவளே சோறு கேட்டாள். அதை நினைத்துச் சந்தோஷப்படுவதா, பாடுபட்டு வரைந்தது பாழானதே என்று வருத்தப்படுவதா? அவருக்குப் பிடிபடவில்லை.

அடுத்த ஞாயிறு, நடந்ததையெல்லாம் சொல்லிப் படத்தை நீட்டினார்.

“கெட்டுப்போச்சு டீச்சர். எப்படிச் சரிபண்றது?”

மெஹருன்னிசா அந்தக் கலங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து அவர் கையில் கொடுத்தாள்.

“இங்க மட்டும் கெட்டாப் போதாது சார்.”