செவுருக்கு அந்தாண்ட

"பசங்க என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறானுங்க, மாஸ்டர்."

எத்திராஜ் இப்படிச் சொன்னப்போ பெர்னார்டு மாஸ்டர் குனிஞ்சு கிரவுண்டுல சுண்ணாம்புக் கோடு போட்டுக்கிட்டிருந்தாரு. நிமிரவே இல்ல.

"அந்தக் கயித்தப் புடி."

புடிச்சான். யாரு? வெளிநாட்டு ஃபுட்பால் டீமுக்குக் கோச்சா இருக்கிறவன். இதே வியாசர்பாடி மண்ணுல வெறுங்காலோட ஆடி, அப்புறம் இந்தியாவுக்கு ஆடி, முட்டி போனதும் கோச்சாகி, இப்ப கடல் தாண்டி ஒரு தீவு நாட்டையே ஆட வைக்கிறான்.

அவங்கம்மா மீன் வித்துட்டு வர்ற வழியில கூடையக் கவுத்துப் போட்டு, அது மேல உக்காந்து மேட்ச் பாக்கும். ஆஃப்சைடுன்னா என்னான்னு அந்தம்மாவுக்குத் தெரிஞ்ச அளவுக்கு ரெஃப்ரிக்குத் தெரியாது. ஒரு தடவ விசிலையே புடுங்கிடுச்சு. அது கெடக்கட்டும்.

"ஏன் பாக்க மாட்டேங்கிறானுங்களாம்?"ன்னாரு மாஸ்டர்.

எத்திராஜ் சொன்னான். போன மேட்சு கடைசி நிமிஷம், ரெண்டு பக்கமும் சமம். இவங்களுக்கு ஒரு கார்னர் கெடைச்சுது. கோல் கீப்பர் டாரியோ, தானும் கோல் போடலாம்னு போஸ்ட்டை விட்டுட்டு முன்னாடி ஓடிட்டான். எதிர் டீம் ஒதைச்சுப் பந்து திரும்பி வந்துச்சு, காலிப் போஸ்ட்ல உருண்டு உள்ள போச்சு. தோத்தாச்சு. அந்த ஊர்ல டாரியோ வீட்டுச் செவுத்துல தாரப் பூசிட்டாங்க. அவன் பொண்ணு ஸ்கூலுக்கே போவல. இனிமே ஆட வரமாட்டேன்னுட்டான். அடுத்த மாசம் மேட்சு. மத்தவனுங்க வரானுங்க, ஓடுறானுங்க. எத்திராஜ் பேச ஆரம்பிச்சா மட்டும் குனிஞ்சு ஷூ லேஸைப் பாக்குறானுங்க.

"என்ன டிரெய்னிங் குடுத்தா சரியாவும், மாஸ்டர்?"

"டாரியோ அவனாவா ஓடுனான்?"

கயிறு தொங்கிப் போச்சு.

"இழுத்துப் புடிடா. கோடு கோணுது."

கைகாட்டி ஓடச் சொன்னதே எத்திராஜ்தான். டிராவே போதும்னு இருந்தப்ப, ஜெயிச்சுட்டா நம்ம பேரு எங்கயோ போயிடும்னு ஒரு ஆசை. மேட்சு முடிஞ்சு டிவிக்காரங்க மைக்க நீட்டி, யாரு போவச் சொன்னதுன்னு கேட்டாங்க. நான் சொல்லல, அவனாத்தான் போயிட்டான்னு சொல்லிட்டான். டாரியோ பக்கத்துலயே நின்னான். கையிலிருந்த கிளவுஸை ஒவ்வொரு விரலாக் கழட்டுனான்.

இத எத்திராஜ் மாஸ்டர்கிட்ட சொல்லல.

கோடு முடிஞ்சுது. காலையில ஆட வர்ற பழைய ஆளுங்க நாலஞ்சு பேர் வந்தாங்க. எல்லாம் தொப்பை வெச்சவனுங்க. அதுல ராயப்பன்னு ஒருத்தன், எத்திராஜோட சின்ன வயசுலேர்ந்து ஆடுனவன், "இன்னா கோச்சு, பெரிய ஷூவெல்லாம் பலமாக்கீது, கால் இருக்குதா உள்ள?"ன்னான்.

மாஸ்டர் பந்த உருட்டி விட்டாரு. "அடி."

எத்திராஜ் ரோஷத்துல அடிச்சான். பந்து போஸ்ட்டுக்கு மேல, செவுத்துக்கும் மேல, அந்தாண்ட போய் விழுந்துச்சு.

எல்லாரும் அங்கங்க உக்காந்துட்டாங்க.

எத்திராஜ் நின்னான். யாராவது இன்னொரு பந்து போடுவாங்கன்னு நின்னான். பெரிய டீமுங்கள்ல இருந்த அத்தன வருஷமும் யாரோ போட்டுக்கிட்டுத்தான இருந்தாங்க.

யாரும் எழுந்திருக்கல.

"பந்துல காத்து ஜாஸ்தி, மாஸ்டர்"ன்னான் எத்திராஜ்.

ராயப்பன் குனிஞ்சு ஷூ லேஸைப் பாத்தான்.

எத்திராஜுக்குக் காது ரெண்டும் சுட்டுது. நடந்தான்.

செவுத்துக்கு அந்தாண்ட ரஞ்சிதம் வீடு. அவ கதை பெருசு. ஒரு தடவ பந்து நேரா அவ கருவாட்டுக் கொழம்புச் சட்டியில விழுந்துச்சு. டீமே போய் வரிசையா நின்னு, நானில்ல, நானில்லன்னு சொல்லுச்சு. அவ புருஷன் அன்னைக்கு மோர் ஊத்தித் தின்னுட்டு ஷிப்டுக்குப் போனான். அன்னையிலேர்ந்து அவ ஒரு சட்டம் போட்டா. அடிச்சவனே வரணும், வந்து நான்தான்னு வாயால சொல்லணும். அப்பத்தான் பந்து. இன்னி வரைக்கும் அதான்.

கதவத் தட்டுனான். ரஞ்சிதத்துக்கு இப்ப கண்ணுல பொறை. ஆளு தெரியல. பந்த இடுப்புல வெச்சுக்கிட்டு நின்னா.

"யாரு அடிச்சது?"

"அது வந்தும்மா, பந்து கொஞ்சம்..."

கதவு பாதி மூடுச்சு.

"நான்தாம்மா."

"கேக்கல."

"நான்தான். நான்தான் சொன்..." முழுங்கினான். "நான்தான் அடிச்சேன்."

பந்த நீட்டுனா. நீட்டிட்டு அவன் மூஞ்சிகிட்ட வந்து உத்துப் பாத்தா.

"சட்டி ஒண்ணும் ஒடையலியே. ஏன் அழுவுற?"

பந்தோட திரும்பி வந்தான். ராயப்பன் எழுந்து, அவன் மூஞ்சிய நேராப் பாத்து, "போடு"ன்னான்.

போட்டான். ஆட்டம் ஆரம்பிச்சுது.

மாஸ்டர் சுண்ணாம்புச் சட்டியத் தூக்கிக்கிட்டு அவன் பக்கத்துல வந்தாரு.

"அந்தத் தீவு எவ்ளோ தூரம்டா?"

"ரெண்டு பிளேன் மாறணும், மாஸ்டர்."

மாஸ்டர் அந்தச் செவுத்தைப் பாத்தாரு.

"அடிச்சவன்தான போவணும். உனுக்கு செவுரு கொஞ்சம் ஒசரந்தான்."